லாரி கிளம்புமுன் அஸ்திவாரத்தை அளந்து பாருங்கள்

பென்சில்வேனியாவில் மாட்யூலர் வீடு கட்டித்தரும் குடும்ப நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தொழிற்சாலையில் வீட்டின் பகுதிகளாகக் கட்டி அனுப்பும் பெட்டிகளைத் தளத்தில் இறக்கிப் பூட்டுவதும், பிறகு வரும் புகார்களைச் சரிசெய்வதும் எங்கள் வேலை. தொழிற்சாலைக்குள் நடப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மழையில் நனையாத மரம், ஜிக்கில் (கோணம் பிசகாமல் பிடித்துக்கொள்ளும் சட்டகத்தில்) வைத்து அடித்த சுவர், சுவரை மூடுமுன்பே சோதனை, தொழிற்சாலையில் கட்டும் வீடுகளுக்கான 1972-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி முத்திரை. ஆனால் அந்தப் பொறுப்பு உங்கள் வாசலோடு முடிந்துபோகிறது. அஸ்திவாரம் போடுபவர் ஒருவர், கிரேன்காரர் இன்னொருவர், இணைப்பவர் மூன்றாமவர். நல்ல வீடு கெடுவது இவர்களுக்கு நடுவில்தான். தளத்து வேலைக்கும் நீங்களே பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அஸ்திவாரத்தின் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. சுவரின் மேல்மட்டமும் அதே அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். நங்கூர போல்ட்டுகள் ஆறடிக்கு ஒன்று, அஸ்திவாரச் சுவரின் மேல் கிடத்தும் மரச்சட்டத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று என்பதைப் பெரும்பாலும் சரியாகவே வைத்துவிடுகிறார்கள். நட்டை அந்த மரச்சட்டத்துக்குள் பதிக்காமல் மேலே துருத்திக்கொண்டு விடுவதுதான் வழக்கமான தவறு. பெட்டி அந்த நட்டின் மேல் உட்கார்ந்துவிடும். எட்டரை அடிக்கு மேல் அகலமான சுமைக்குச் சாலை அனுமதி வாங்க வேண்டும், தேதி குறித்தாகிவிட்டது, கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. மூலைகளில் ஆப்பு செருகி ஒப்பேற்றிவிடுகிறார்கள். நடுச்சுவர் அந்தரத்தில் நிற்க, முதல் குளிர்காலத்திலேயே கதவுகள் பிடிக்கத் தொடங்கும்.

நிலவறைத் தூண்கள் அடுத்த தொல்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே, இரண்டு பெட்டிகள் சேரும் இணைப்புச் சுவரை அகலமாகத் திறந்தால், மேல் உத்தரத்தின் பாரம் முழுவதும் திறப்பின் இரண்டு முனைகளில் இறங்கும். தூணும் அதன் கான்கிரீட் பீடமும் அந்த முனைகளுக்கு நேர் கீழே இருந்தாக வேண்டும். விற்பனைக்குப் பிறகு வாடிக்கையாளர் திறப்பை இரண்டடி அகலப்படுத்துகிறார். அஸ்திவாரக்காரர் கையில் பழைய வரைபடமே இருக்கிறது. சில மாதங்களில் திறப்பின் மூலையிலிருந்து ஜிப்சம் போர்டில் சாய்வாக விரிசல் ஓடும். பட்டி பூசினால் அடுத்த வருஷமும் அதே இடத்தில் வரும். தூண் சரியான இடத்துக்கு வரும்வரை அது நிற்காது.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு. அது நிலவறையிலிருந்து கூரைக்கடி வரை போகும் புகைபோக்கிபோல வேலை செய்யும். வீட்டின் ஈரக்காற்று அதன் வழியே ஏறி, ஜனவரிக் குளிரில் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் சொட்டும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று ஓடு மாற்றுகிறார், பலகையோ கறுத்து இற்றுப்போகிறது. தீப்பிடித்தால் நெருப்புக்கும் அதுவே வழி. இந்த இடுக்கை அடைக்க நீங்கள் ஒட்டி அனுப்பும் காஸ்கெட் பட்டை பல சமயம் நெடுஞ்சாலைக் காற்றில் பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்து கிழிந்துவிடுகிறது. லாரியில் உபரிச் சுருள் ஒன்று வையுங்கள். இரண்டாவது பெட்டியை இழுத்து நெருக்குமுன், தரை, சுவர், கூரை மூன்றிலும் காஸ்கெட் அறுபடாமல் இருப்பதை உங்கள் ஆள் பார்த்தாக வேண்டும். நெருக்கிய பிறகு மேலும் கீழும் நுரை அடித்து, தீத்தடுப்பும் வைத்து, இணைப்பை உட்பக்கம் மூடுமுன்பே வீட்டுக்கு உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் காற்றுக்கசிவுச் சோதனை செய்யுங்கள். பிறகு செய்தால் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

லாரியில் மடித்து வரும் மடக்குக் கூரையை அன்றே தூக்கி நிறுத்தி முகட்டை மூட முடியாது என்று தெரிந்தால், மழை நாளில் இறக்கவே வேண்டாம்.

லாரியில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் ஊழியர் ஒருவர் தளத்துக்குப் போய் மூலைவிட்டம், மட்டம், போல்ட், தூண் எல்லாவற்றையும் கடைசி வரைபடத்தோடு ஒப்பிட்டு அளவுத்தாளில் கையெழுத்திடட்டும். அந்தத் தாள் வராமல் சாலை அனுமதிக்கு விண்ணப்பிக்காதீர்கள். உத்தரவாதப் பத்திரத்திலும் இணைப்புச் சுவரையும் தூண்களையும் பெயர் சொல்லிச் சேருங்கள். விரிசல் விட்ட வீட்டுக்காரருக்கு அஸ்திவாரக்காரரின் பெயர் நினைவில் இருப்பதில்லை. உங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது.

இப்படிக்கு,
தள இணைப்புப் பணியாளர்களும் பொறியாளர்களும்