எத்தனை மணி நேரம் பார்த்தாய்?

அன்புத் தங்கைக்கு,

நேற்று ராத்திரி நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது என்றாய். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. "அம்மா, கண்ணு எரியுது" என்று பிள்ளை அழுத பிறகுதான் உனக்கு நினைவு வந்திருக்கிறது. நீதிமன்றத்துக்கு மனநிலை மதிப்பீடு எழுத அன்று பகலில் படித்த கேஸ் கட்டில் என்ன இருந்தது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னாய்: "எனக்கு மனசுல தெம்பு போதல போல அக்கா." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்னப் பட்டை குத்தியிருப்பார்கள், பார்த்திருப்பாய். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது கணக்கு வைக்கும். ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50-ஐத் தாண்டக் கூடாது என்று சர்வதேச அளவில் வரம்பே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் "உடம்பைத் திடமாக வைத்துக்கொள்" என்று யாரும் சொல்வதில்லை. எவ்வளவு பட்டது என்று பார்க்கிறார்கள், அதிகமானால் வேலையை மாற்றிக் கொடுக்கிறார்கள். நம் சட்டையில் அந்தப் பட்டை இல்லை. அதனால் அளவைக் கேட்க வேண்டிய இடத்தில் தெம்பைக் கேட்கிறார்கள். நீயும் உன்னிடம் அதையே கேட்டுக்கொள்கிறாய்.

உன்னிடம் இப்போது இரண்டு தொல்லைகள் பின்னிக் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று பர்ன்அவுட், வேலையால் வற்றிப்போவது. இலவச மருத்துவமனையில் வேலை பார்த்து, உடன் இருந்தவர்களும் தானும் வற்றிப்போனதைக் கண்ட உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து இதை அளக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உள்ளுக்குள் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, வேலையில் உருப்படியாக எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நீடிக்கும் நெருக்கடி சரியாகக் கையாளப்படாததால் வருவது என்றுதான் சொல்கிறது. இதை நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வற்றியது நீயாக இருக்கலாம், வற்ற வைத்தது வேலை அமைந்திருக்கும் விதம்.

மற்றது இரண்டாம் நிலை மன அதிர்ச்சி. பிறருக்கு நடந்த கொடுமை, கேட்பவர் மனத்திலும் காயமாக இறங்குவது. 'அவள் என்ன அங்கேயா இருந்தாள், படித்தாள் அவ்வளவுதானே' என்று பேசுகிறவர்களுக்கு 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் மனநோய்க் கையேடு, பதில் சொல்லிவிட்டது. வேலையின் பகுதியாகக் கொடுமையின் விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அதிர்ச்சிக்குப் பின்னான மனநோயை உண்டாக்கக்கூடிய அனுபவம்தான் என்று அதில் இருக்கிறது. திரையில் பார்ப்பது பொதுவாகக் கணக்கில் வராது, வேலைக்காகப் பார்த்தால் வரும். பத்து நாள் லீவு போட்டால் முதல் தொல்லை கொஞ்சம் தணியும். இரண்டாவது உன் பெட்டியிலேயே ஏறி உன்னோடு ஊருக்கு வரும்.

எனக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், அவசர உதவிக்கு வந்த ஓர் அழைப்பின் ஒலிப்பதிவு. பேசிய ஆள் அந்த நேரத்தில் எந்த மனநிலையில் இருந்தார் என்று நான் கருத்துச் சொல்ல வேண்டும். பதினோரு தடவை கேட்டேன். பேச்சுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி சுற்றுச் சுற்றுக்கும் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்கு இப்போது மறந்துவிட்டன. அந்தக் கிரீச் மட்டும் போகவில்லை. வீட்டில் படுக்கையறை விசிறி லேசாகச் சத்தம் போட்டால் எழுந்து நிறுத்திவிடுவேன். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, புழுக்கத்தில் புரண்டு படுத்தார்கள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நம் துறைக்கென்று சில கஷ்டங்கள் உண்டு. சிகிச்சை செய்கிறவர்கள் காயத்தையும் பார்ப்பார்கள், அது ஆறுவதையும் பார்ப்பார்கள். நாம் பார்ப்பது காயத்தை மட்டும்தான். அறிக்கையைக் கொடுத்தோமா, அதோடு அந்த மனிதர் நம் வாழ்க்கையிலிருந்து போய்விடுவார். எதிரே ஒருவர் உடைந்து அழும்போது ஆறுதல் சொல்லவும் முடியாது. நாம் அவருடைய வைத்தியர் இல்லை, நீதிமன்றத்துக்காக மதிப்பீடு செய்ய வந்தவர்கள், அவர் சொல்வது ரகசியமாக இருக்காது என்று முதலிலேயே நாம்தான் சொல்லியிருப்போம். அப்புறம் ஒரே கட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பார்கள். பாதிக்கப்பட்ட குழந்தை ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையாக இருந்தபோது அவருக்கு நடந்தது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாரத்தில் படித்து, இரண்டுக்கும் நியாயமாக எழுத வேண்டும். இந்தப் பாரத்தை வெளியில் இருப்பவருக்கு விளக்குவது சிரமம்.

பகல் முழுக்க 'இவர் நடிக்கிறாரா' என்று பார்ப்பது நம் வேலை. அந்தக் கண்ணை வாசலில் கழற்றி வைக்க முடிவதில்லை. பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால்கூட ஆதாரம் தேடுகிறோம். உளவியலாளர்கள் மக்கானும் பெர்ல்மனும் 1990-இல் எழுதியது இதைத்தான்: இந்த வேலை, உலகம் பாதுகாப்பானது, மனிதர்களை நம்பலாம் என்கிற அடிப்படை நினைப்புகளையே மெல்ல மாற்றிவிடும். தாத்தா வீட்டில்கூடப் பிள்ளையை விட மனம் வரவில்லை என்று போன மாதம் சொன்னாயே, அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இப்போது நான் யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்று. அறிக்கைகள் குவிந்து, வாரத்துக்கு ஒன்று என்பது நான்காகிவிட்ட காலம் அது. ஒருவரைப் பற்றி 'பாதிக்கப்பட்டவர் குறித்து எந்த வருத்தமும் காட்டவில்லை' என்று எழுதியிருந்தேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என் கையெழுத்துக் குறிப்புகளின் நகலை எடுத்து நிதானமாகப் படித்தார்: '11.40, அழுகிறார். 11.50, இன்னும் அழுகிறார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறார்.' என் கையெழுத்துதான். முந்தைய அறிக்கை ஒன்றிலிருந்து அந்த வாக்கியத்தை வெட்டி ஒட்டியிருக்கிறேன், மாற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. பத்து நிமிடம் என் முன்னால் அழுத மனிதர் எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு அந்த வக்கீல் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த வாக்கியம் ஒருவர் தண்டனையில் போய்ச் சேர்ந்திருக்கும். உன் களைப்பு உன் சொந்த விஷயம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்.

சரி, என்ன செய்யலாம். முதலில் கணக்கு வை. ஒரு நோட்டில் தேதி, என்ன வகைப் பொருள், எத்தனை மணி நேரம், அவ்வளவு போதும். கேஸ் விவரம் வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் உனக்கே திக்கென்று இருக்கும். எனக்கு இருந்தது.

காணொளி பார்ப்பதில் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. மனித உரிமை மீறல் படங்களை ஆராய்கிறவர்கள் பழகிவைத்தது, நமக்கும் பொருந்தும். முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார். ஒலிதான் ஆழமாக இறங்கும், என் விசிறியே சாட்சி. திரையில் சன்னலைச் சிறிதாக்கிக்கொள், முடிந்தால் வண்ணத்தை எடுத்துவிடு. எந்த நிமிடம் கடுமையானது என்று முன்னால் பார்த்தவர் குறித்து வைத்திருந்தால் கேட்டு வாங்கு. எதிர்பாராமல் வருவதுதான் அதிகம் அடிக்கும். உன் கேள்விக்குப் பதில் தரும் பகுதியை மட்டும் பார், முழுவதையும் பார்ப்பது விசுவாசம் இல்லை. வீட்டில் பார்க்காதே, இருட்டிய பிறகும் பார்க்காதே. பிரேதப் பரிசோதனைப் படங்களுக்கும் இதேதான். அறிக்கையின் வாசகம் போதும் என்றால் படங்களைத் திறக்கவே வேண்டாம்.

மேற்பார்வைக் கூட்டத்தைப் பற்றி. உன் அலுவலகத்தில் கேஸைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள் என்றாய். பத்து நிமிடம் உன்னைப் பற்றிப் பேசக் கேள். ரகசியம் காக்க வேண்டுமே என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். ரகசியம் கேஸுக்குத்தான், 'மூன்று நாளாகத் தூங்கவில்லை' என்பதற்கு இல்லை. இதை ஒத்துக்கொண்டால் நாளைக்குச் சாட்சிக் கூண்டில் 'பாரபட்சம்' என்று திருப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சொல்லாமல் வைத்ததால் என் அறிக்கைக்கு என்ன ஆனது என்று மேலே எழுதிவிட்டேன்.

மோசமான கேஸ் முடிந்த மறுநாள் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒற்றை அமர்வு ஏற்பாடு செய்தால், கட்டாயம் இல்லை என்றால் நீ போகாதே. அது அதிர்ச்சி நோயைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியதாகவும் வந்திருக்கிறது. நம்புகிற ஒருவரோடு தொடர்ந்து பேசுவது வேறு.

தியான வகுப்புக்கும் யோகாவுக்கும் நான் எதிரி இல்லை, உனக்குப் பிடித்தால் செய். ஆனால் மேலதிகாரியிடம் நீ கேட்க வேண்டியது வேறு: குழந்தைகள் சம்பந்தப்பட்ட கேஸ்கள் ஒருவரிடமே தொடர்ந்து வரக் கூடாது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேறு வகை வேலை வேண்டும், தீர்ப்பு வந்ததும் மதிப்பீடு செய்தவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். முடிவே தெரியாத கதைகளைத்தான் மனம் ராத்திரியில் முடித்துப் பார்க்கிறது. உன் நோட்டுக் கணக்கை அவர் மேசையில் வைத்துப் பேசு, எண்களுக்கு முன்னால் 'தெம்பு' என்ற பேச்சு எடுபடாது.

இதையெல்லாம் செய்தும் குளியலறையில் கை நின்றது போல இன்னும் நடந்தால், தூக்கம் வராவிட்டால், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளாதே. நம் துறைக்கு வெளியே இருக்கும் ஒரு மனநல மருத்துவரைப் பார். நான் போனேன். விசிறி சத்தம் இப்போது வெறும் விசிறி சத்தம்.

திங்கட்கிழமை அந்தக் காணொளியைப் பார்க்க வேண்டும் என்றாயே, காலை பத்து மணிக்கு ஆரம்பி, ஒலியை நிறுத்திவிட்டு. முடித்ததும், அறிக்கையைத் தொடும் முன், எனக்குப் போன் செய். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று மட்டும் சொல், நானும் என் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா