ரீடிங் வராத நாளும் பூஜ்ஜியமும் ஒண்ணு இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்க பக்கத்து மேட்டூர் அணையோட நீர்மட்டம்னு உங்க பேப்பர்ல ஒரு கிராஃப் வந்துச்சு, கோடு ஒழுங்கா போய்க்கிட்டே இருந்து நடுவுல 3 நாள் அப்படியே அடிமட்டத்துக்கு விழுந்து நாலாம் நாள் பழைய இடத்துக்கே ஏறி நிக்குது. எங்கப்பா விவசாயி. அதப் பாத்துட்டு தண்ணிய தொறந்து விட்டுட்டாங்களாடான்னு பதறிப்போய் போன் பண்ணாரு. விசாரிச்சா அந்த 3 நாளும் ரீடிங்கே வரல, அவ்வளவுதான்.

நான் மழை டேட்டாவ வச்சு கிராஃப் போடுற வேலையில இருக்கேன், அதனால இது எங்க தப்பியிருக்கும்னு ஓரளவு புரியுது. எக்ஸெல்ல ஒரு நாளோட கட்டத்த காலியா விட்டா லைன் சார்ட் வழக்கமா அந்த இடத்துல இடைவெளி விட்டுடும். ஆனா காலியா விட்டா மறந்துட்டோம்னு நெனப்பாங்கன்னு பயந்து டைப் பண்றவங்க ஒரு ஹைஃபனோ 'வரல'ன்னோ போட்டுடுறாங்க, எக்ஸெல் அந்த எழுத்த பூஜ்ஜியமா எடுத்துக்கிட்டு கோட்ட கீழ இழுத்துடுது. 120 அடி மேட்டூர் அணை ஒரே ராத்திரியில வத்தி மறுநாளே நிரம்புமான்னு அச்சுக்கு போறதுக்கு முன்னாடி ஒருத்தர் கேட்டிருந்தா போதும்.

மழை டேட்டாவுலயும் இதே கததான். வானிலை ஆய்வு மையம் நாட்ட சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு கொடுக்குற மழை டேட்டாவுல மதிப்பு இல்லாத இடத்துக்கு -999னு போட்டிருப்பாங்க. அத நீக்காம அப்படியே கணக்குல சேத்தா, 30 நாள்ல ஒரே ஒரு -999 வந்தாலும் சராசரி 33 மில்லிமீட்டருக்கு மேல இறங்கிடும்.

சரி, விட்டுப்போன நாளெல்லாம் தூக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் கோடு போட்டு சேத்துடலாமேன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுவும் சரியா படல. நவம்பர்ல ரெண்டு நாள் ரீடிங் இல்லன்னா அந்த ரெண்டு நாள்லதான் பெருமழை பேஞ்சிருக்கலாம், மழைமானியே அதுல மூழ்கியிருக்கலாம், நேர்கோடு அதையெல்லாம் மறைச்சிடும். பைத்தான்ல மேட்பிளாட்லிப் மாதிரி சாஃப்ட்வேர்ல 'நேன்'னு (NaN, அதாவது 'எண் இல்ல'ன்னு) கொடுத்தா கோடு அங்க அறுந்து நிக்கும், அப்படி நிக்கிறதுதான் உண்மை.

அதுக்காக நம்ப முடியாத எண்களையெல்லாம் அழிச்சிடவும் கூடாது. நாசாவோட நிம்பஸ்-7 செயற்கைக்கோள் டேட்டாவுல 180 டாப்சனுக்கு (ஓசோன அளக்குற அலகு) கீழ வந்த ஓசோன் அளவெல்லாம் சந்தேகம்னு ப்ரோக்ராம் குறிச்சு வச்சுது, 1985ல அண்டார்டிகாவுல தரையில இருந்து அளந்தவங்க ஓசோன் குறையுதுன்னு எழுதினப்போ, அந்த எண்கள் அழியாம இருந்ததாலதான் நாசாவால திரும்பிப் போய் சரிபாக்க முடிஞ்சுது.

உங்க கிராஃப்ப நம்பி எங்க ஊர்ல நாத்து விடுற தேதிய மாத்துறாங்க சார். ரீடிங் இல்லாத இடத்துல கோடு போடாம இடைவெளி விட்டுட்டு, கீழ சின்னதா 'இந்த தேதிகளில் அளவீடு வரவில்லை'ன்னு ஒரு வரி போடுங்க. போன வாரப் படத்தையும் திருத்தி ஒருமுறை போட்டுடுங்க, எங்கப்பா அத வெட்டி எடுத்து வச்சிருக்காரு.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்