ஒரே நம்பர் பாக்கெட், உள்ள ரெண்டு விதமான டயர்: கண்ட்ரோல் டயர் பத்தி புகார்

வணக்கம்,

உங்க 1/10 டூரிங் கார் (ரிமோட்ல ஓட்டுற குட்டி ரேஸ் கார்) கண்ட்ரோல் டயர், அதாவது ரேஸ்ல எல்லாரும் போட்டே ஆக வேண்டிய ஒரே டயர், ரிம்ல ஒட்டியே வர்ற செட், ரெண்டு வாங்கினேன். பாக்கெட் மேல ஒரே பார்ட் நம்பர், ஒரே காம்பவுண்ட் (ரப்பர் கலவை). உள்ள இருந்தது மட்டும் ஒண்ணு இல்ல.

முதல் செட்ல கார் பிடிச்சு வெச்ச மாதிரி லைன விட்டு நகராம ஓடுச்சு, அடுத்த ரேஸுக்கு ரெண்டாவது செட்ட மாட்டினேன், செட்டப்ல ஒரு ஸ்க்ரூ கூட தொடல, ஆனா த்ராட்டில் குடுத்தாலே பின்பக்கம் வழுக்குது, ஸ்ட்ரெய்ட்ல இடது பக்கமா வேற இழுக்குது. சேஸி ட்வீக் ஆயி முறுக்கிக்கிச்சோன்னு ராத்திரி பூரா காரக் கழட்டி ஷாக், டிஃப் எல்லாம் பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. கடைசில தான் டயர வெர்னியர்ல அளந்தேன். இடது பின் டயர் வலத விட 0.6 மில்லிமீட்டர் சின்னது. ரப்பர் எவ்வளவு கெட்டின்னு அளக்குற ட்யூரோமீட்டர் வெச்சா முதல் செட் 34 காட்டுது, ரெண்டாவது 39 (நம்பர் கூடினா ரப்பர் கெட்டி), அதுவும் ரெண்டு செட்டும் ஒரே ரூம்ல ஒரே சூட்டுல கெடந்தது, முதல் செட் ஒரே ஒரு ரேஸ் தான் ஓடிருக்கு. அந்த இடது டயரோட ஓரத்த கட்டைவிரலால தள்ளினா பசையே பிடிக்காம நகம் உள்ள போகுது. நானே ஒட்டிக்கலாம்னா எங்க ரேஸ் ரூல்ல டயர்ல கை வெக்கக் கூடாது.

கண்ட்ரோல் டயர் ரூல் வேணாம்னு நான் சொல்லல, அந்த ரூல் எனக்குப் பிடிக்கும். டயருக்குக் காசக் கொட்டாம ஓட்டுறவன் கையும் செட்டப்பும் தான் பேசணும்னு தான வெச்சாங்க. ஆனா பாக்கெட்டுக்கு பாக்கெட் ரப்பர் மாறினா என்ன ஆகும், வசதி உள்ளவன் பத்து செட் வாங்கி அளந்து பாத்து நல்ல நாலு டயர எடுத்துக்கறான், ஒரு செட் வாங்குற பையன் வந்தத வெச்சு ஓட்டிட்டு தனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சு வீட்டுக்குப் போறான். அது தான் எனக்குத் தாங்கல. முன்னெல்லாம் டயர் நாமளே தேர்ந்தெடுத்தோம், தப்பா எடுத்தா நம்ம தப்பு. இப்ப வேற டயர் போட வழியே இல்ல, அப்ப முழுப் பொறுப்பும் உங்க மேல தான வருது?

ஃபார்முலா ஒன்லயும் 2007ல இருந்து ஒரே கம்பெனி டயர் தான், 2011ல இருந்து பிரெல்லி, அங்க ஒவ்வொரு டயர்லயும் பார்கோடு இருக்கு. உங்க பாக்கெட்ல தயாரிச்ச மாசம் கூட இல்ல. ரப்பர் வெச்சிருக்க வெச்சிருக்க இறுகும்னு உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு அந்த ரெண்டாவது செட்ட மாத்திக் குடுங்க. அதோட பேட்ச் நம்பரும் தேதியும் பாக்கெட்ல அடிங்க, ரேஸ் நடத்துறவங்களுக்கு ஒரே பேட்ச்ல மொத்தமா குடுங்க, அவங்க சீட்டுக் குலுக்கி எங்களுக்குக் குடுக்கட்டும். எந்த அளவு வரைக்கும் வித்தியாசத்த நீங்க ஏத்துக்கறீங்கன்னும் எழுதிச் சொல்லுங்க.

வெர்னியர், ட்யூரோமீட்டர் ரீடிங் ஃபோட்டோவும் பில்லும் இதோட வெச்சிருக்கேன். ரெண்டு செட்டையும் அதுக்கப்புறம் ஓட்டல, கேட்டா உடனே அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்க டயர்ல மட்டுமே ஓட்ட வேண்டிய ஒரு ரேஸர்