பின் டிஃபரன்ஷியல் பழுது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்ததும் நீலகிரியின் தோட்டச் சாலைகளில் ஓடும் ஜிப்ஸி, தார், பழைய ஜீப் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகள் பின்னால் ஊளைச் சத்தத்தோடு எங்கள் பணிமனைக்கு வரத் தொடங்குகின்றன. “கிரவுன் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு மாலையே வண்டியை எதிர்பார்க்கும் அன்பர்கள் பலர். கிரவுன் என்பது டிஃபரன்ஷியலில், அதாவது இயக்கத்தை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதியில், உள்ள பெரிய பற்சக்கரம். வந்தவுடன் நாங்கள் ஏன் எதையும் கழற்றுவதில்லை என்பதையும், கழற்றிய பின் ஏன் நாள் பிடிக்கிறது என்பதையும் விளக்கவே இம்மடல்.

சத்தம் பின்னாலிருந்து வருவதாலேயே அது டிஃபரன்ஷியலின் சத்தம் ஆகிவிடாது. டயரின் இரைச்சல் தார்ச் சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு ஏறியதும் மாறும். வீல் பேரிங்கின் உறுமல் வளைவுகளில் வண்டியின் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடும் அல்லது குறையும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எழுந்து காலை எடுத்ததும் அடங்குகிற, அல்லது அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிற ஊளைதான் கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியன், பினியன் பேரிங் ஆகியவற்றின் மேல் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. நேராகப் போகும்போது அமைதியாக இருந்துவிட்டுத் திருப்பத்தில் மட்டும் கடகடத்தால், திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருகிற, உள்ளே இருக்கும் சிறிய ஸ்பைடர் கியர்களைப் பார்க்க வேண்டும். கியர் போட்டு நகரும்போது வரும் ‘டங்’ ஒலிக்கு முதலில், இயக்கத்தை டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுவரும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள யூ.ஜே. கிராஸைத்தான் சோதிப்போம். கிரவுன் மாற்ற வந்தவர் கிராஸ் மட்டும் மாற்றிக்கொண்டு திரும்புவது இங்கு வழக்கமாக நடப்பதே. தார் வண்டிகளில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் உள்ள வகைகளில், சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும்போது ‘டக்’கென்று இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வது அதன் இயல்பு என்பதால், அதைப் பழுது என்று எண்ணி யாரும் கலங்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்த பிறகு எண்ணெயை இறக்குவோம். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் குழைத்த விபூதி போல மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடுகிற செதில்களோ, விளிம்பு கூராக உடைந்த பல்லின் துண்டோ வந்தால் பேச்சுக்கே இடமில்லை, திறந்தாக வேண்டும். எண்ணெய் வெளுத்து நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடை நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ஆக்சிலின் காற்றுத் துவாரமான பிரீதர் மண்ணால் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியாக நீரை இழுத்துக்கொள்கிறது. பேரிங்குகள் துருப்பிடிக்க இது ஒன்றே போதும். மழைக்கு முன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, முன் சக்கர இயக்கத்தில் வீட்டுக்கு ஓட்டிப்போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் பின் சக்கரங்கள் உருளும்போது கிரவுன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உடைந்த பல் இடையில் சிக்கினால் மலை இறக்கத்தில் பின் சக்கரங்கள் இறுகிவிடும். டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் ஆக்சில் ஷாஃப்டையும் உருவிவிடலாம் என்றால், செமி ஃப்ளோட்டிங் ஆக்சில்களில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான். அதை உருவினால் சக்கரமும் கூடவே வந்துவிடும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டுகளைச் சேசிஸுக்கு அடியில் நிறுத்துவோம். பிரித்த விதத்திலேயே திரும்பப் பூட்டுவதற்காக, புரொப்பல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்சிலும் (இணைப்புத் தட்டு) பினியன் ஃபிளாஞ்சிலும் நேருக்கு நேர் குறியிட்ட பின்னரே போல்ட்டுகளை எடுப்போம். பிறகு பிரேக் டிரம்களைக் கழற்றி, இரு ஆக்சில் ஷாஃப்டுகளையும் வெளியே இழுப்போம். ஜிப்ஸியில் டிஃபரன்ஷியல் முழுவதும் ஒரே தொகுதியாக, ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முன்பக்கமாக இறங்கிவிடும். பாரம் அதிகம் என்பதால் ஜாக்கி தாங்கல் இல்லாமல் அதைத் தொடுவதில்லை. பழைய மகிந்திரா ஜீப்புகளைப் போலப் பின்பக்க மூடி உள்ள ஆக்சில்களில் வேலை நுணுக்கமானது. பேரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு கேப்புகளும் ஹவுசிங்கோடு சேர்த்தே கடையப்பட்டவை. இடம் வலம் மாறிவிட்டால் பேரிங் சரியாக உட்காராது என்பதால், பஞ்ச் உளியால் குறியிட்டு, ஒவ்வொரு பக்கத்து ஷிம்மையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) தனித்தனியே எடுத்துவைக்கிறோம்.

செலவைப் பற்றித்தான் மிகுதியான வருத்தம் எழுகிறது. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணைசேர்க்கப்பட்டவை. ஒன்றில் பல் போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று செட்டைக் கொண்டுவருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது பற்களின் எண்ணிக்கையை. கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் விகிதம் 4.10, அதே 41 பல்லோடு பினியனில் 11 என்றால் 3.73. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் முன் ஆக்சிலில் ஒன்றும் பின் ஆக்சிலில் மற்றொன்றும் அமைந்துவிட்டால், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரு ஆக்சில்களும் ஏறத்தாழ 10 சதவீத வேக வித்தியாசத்தில் சுழல முயன்று ஒன்றையொன்று முறுக்கும். இரு சக்கர இயக்கத்தில் ஓடும்வரை எதுவும் தெரியாது. தெரியவரும் நாளில், இயக்கத்தை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் செலவில் சேர்ந்துவிடும்.

புதிய செட்டைப் பூட்டுவதில் பொறுமை வேண்டும். பற்களுக்கிடையே விடும் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவுக்குள்தான் இருக்கிறது. டயல் கேஜ் வைத்து அளந்து, பற்களில் வண்ணம் பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழும்வரை ஷிம்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். பினியனில் உள்ள, ஒருமுறை இறுக்கியதும் நசுங்கிவிடும் ஸ்லீவை (குழாய் வளையம்) மறுபடி பயன்படுத்துவதில்லை. எண்ணெய், வண்டியின் கையேடு சொல்லும் ஜி.எல்.-5 என்னும் கியர் எண்ணெய்த் தர வகையாகவே இருக்கும்.

வண்டியை எடுத்துச் சென்ற பின், முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் இழுக்கவோ பாரம் ஏற்றவோ வேண்டாம். அதன் பிறகு எண்ணெயை மாற்ற ஒருமுறை வாருங்கள். கழற்றிய பாகங்களைத் தட்டில் வைத்திருப்போம். அவற்றை நேரில் பார்த்து, மதிப்பீட்டுக்கு நீங்கள் ஒப்புதல் தந்த பிறகே புதிய பாகங்களுக்குச் சொல்லி அனுப்புவோம்.

இப்படிக்கு,
பணிமனை நிர்வாகத்தார்