காது மெஷின் இல்லாமல் நான்கு நாள்: ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
உள்நோயாளியாக இருந்தவரின் மகள், காங்கேயம்.

பெறுநர்:
மருத்துவமனை நிர்வாக அதிகாரி, கோயம்புத்தூர்.

பொருள்: என் தாயார் பெயரில் பதிவான ஐந்து நட்சத்திரங்களை நீக்கக் கோருவது.

ஐயா,

79 வயதாகும் என் அம்மா தேங்காய்க் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஐப்பசியில் தங்களிடம் ஒன்பது நாள் இருந்தார். ஆபரேஷன் நன்றாக நடந்தது. எலும்பு டாக்டருக்கு நன்றி. பில் பற்றியும் நான் எழுத வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்ட்டரில் ஒரு தம்பி டேப்லெட்டை நீட்டி, "அஞ்சு ஸ்டார் போட்டுருங்க்கா, ஃபைல் சீக்கிரம் நகந்துரும்" என்றார். மேலே 'நோயாளியின் திருப்தி' என்றிருந்தது. நோயாளி என் பக்கத்திலேயே வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. வெளியே வண்டி காத்திருந்த அவசரத்தில் நானும் அழுத்திவிட்டேன். அது தப்பு. அம்மாவைக் கேட்டிருந்தால் கீழே எழுதியிருப்பதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆபரேஷனுக்கு முன் அவருடைய காது மெஷினையும் கண்ணாடியையும் கழற்றி ஒரு கவரில் போட்டார்கள். அது முறைதான். ஆனால் அதற்குப் பின் நான்கு நாள் அந்தக் கவர் லாக்கரிலேயே கிடந்தது. ஐசியுவில் எங்களைக் காலையும் மாலையும் பத்து நிமிடம்தான் விட்டார்கள். இரண்டு முறை கேட்டேன். "பாத்துத் தர்றோம்" என்றார்கள். சிஸ்டர் காலை மடக்காதீர்கள் என்றது அம்மா காதில் விழவே இல்லை; மடக்கினார். இரண்டாம் நாள் ராத்திரி கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாராம். இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டி, தூக்கத்துக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறது.

மெஷினை மாட்டியதும் அம்மா என்னிடம் முதலில் கேட்டது: "கண்ணு, என்னைய எதுக்குக் கட்டிப் போட்டாங்க? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் டெலிரியம் என்ற திடீர்க் குழப்பம் வருவது தங்கள் டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. காதும் கண்ணும் அடைபட்டுக் கிடந்தால் அது கூடும். காது மெஷினும் கண்ணாடியும் கைக்கு எட்ட இருக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2010லேயே சொல்லிவிட்டது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், லாக்கர் சாவி போதும்.

ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டபோதெல்லாம் அம்மா "நல்லாருக்குதுங்க" என்றுதான் சொன்னார், கை கட்டப்பட்டிருந்த மறுநாள் காலையிலும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பார்க்க வந்தவரிடம் குறை சொல்ல மாட்டார்கள். அது மரியாதை, அதைத் திருப்தி என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். திருப்தி கேட்கும் ஆய்வுகளில் வயதானவர்கள் இளையவர்களைவிட நல்ல மதிப்பெண் தருவது பல நாடுகளில் பார்த்த விஷயம்தான். அதனால் அவர்களிடம் இன்னும் நிதானமாகக் கேட்க வேண்டும்.

அந்த நட்சத்திரங்களை நீக்குங்கள். கேஸ் ஷீட்டில் அந்த நான்கு நாளும் காது மெஷின் இல்லை என்று சேர்த்து எழுதுங்கள். கையைக் கட்ட யார் உத்தரவிட்டார், எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். இனி வயதான நோயாளிகளிடம், வீடு திரும்பிச் சில நாள் கழித்து, வார்டு ஆட்கள் அல்லாத ஒருவர் தமிழில் பேசிக் கருத்துக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் அம்மாவிடமிருந்தே தொடங்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மெஷினை மாட்டிவிட்டுப் போனைக் கொடுக்கிறேன். வலது காதுதான் கொஞ்சம் கேட்கும், நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மகள்