போகொட பாலத்தில் ஒரு மத்தியானம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலியால் தாமதம் என்று சொன்னால், காலாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். அதனால் சோம்பல் என்றே வைத்துக்கொள்.

போன போயா (பௌர்ணமி) தினத்தன்று பேரனைப் பதுளைப் பக்கத்துப் போகொட மரப்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். அவனுக்குத் தெமோதர ஒன்பது வளைவுப் பாலம்தான் வேண்டுமாம், ரயிலோடு செல்ஃபி எடுக்க. அது 1921இல் கட்டியது, என் தாத்தாவைவிட இளையது. வா, நானூறு வயதுக் கிழத்தைக் காட்டுகிறேன் என்று ஹாலிஎலவில் ஆட்டோ பிடித்தேன். ஏழே கிலோமீட்டர்.

மரங்களுக்கு நடுவே, கல்லந்த ஓயா என்ற ஆற்றுக்கு மேல் பாலம் அப்படியே நிற்கிறது. நீளம் 15 மீட்டர், அகலம் 2 மீட்டர்தான். சின்ன வயதில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது! பூட்டியதெல்லாம் மர ஆணி என்றதும் பேரன் நம்பாமல் குனிந்து குனிந்து இரும்பைத் தேடினான். பலா, மருது, கருங்காலி என்று பல மரம் சேர்ந்திருக்கிறது. பலகையெல்லாம் ஒரே மரத்தில் அறுத்தது என்பார்களே, அந்தக் கதை எனக்கு ஒட்டவில்லை. 16ஆம் நூற்றாண்டு என்றும் தம்பதெனிய காலம் என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள், அதுவும் உதைக்கிறது. தம்பதெனிய ராஜ்ஜியம் 13ஆம் நூற்றாண்டு அல்லவா? கூரை ஓட்டில் கண்டி ராஜ்ஜியத்துச் சாயல் இருப்பதால் நான் 16 பக்கம்தான்.

அந்தக் கூரையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மழைக்கு மரப்பாலம் இத்தனை காலம் நிற்குமா? ஈரம் தங்கினால் எந்த மரமும் உளுத்துவிடும். ஓடு வேய்ந்தவன் அதை அறிந்திருக்கிறான். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். அதற்கு முன் இவ்வழியாகக் கண்டிக்கு நடந்தவர்கள் சுமையை இறக்கி, வெற்றிலை போட்டு, மழை விடும்வரை இங்கேதான் குந்தியிருந்திருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், வெற்றிலைக்குப் பதில் மாலு பணிஸ், அதுதான் மீன் பணிஸ்.

அப்புறம், நீ பேனாக்கத்தியால் பெயர் கீறப்போய், பாதியில் ஹாமதுருவிடம் (புத்த பிக்குவிடம்) ஏச்சு வாங்கினாயே, அந்த இடத்தையும் தேடினேன். கைப்பிடியை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாயிற்று. உன் எழுத்தைக் காணோம். பாலம் தப்பித்தது.

டிசம்பரில் வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் போட்டதும் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்