விளக்கு வெளிச்சத்துக்கு ஜூம் லென்ஸ் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த யோசனைகளைப் படித்தேன். பயனுள்ள கட்டுரை. ஆனால் ஒரு நல்ல ஜூம் லென்ஸ் கையில் இருந்தால் வேறெதுவும் வேண்டியதில்லை என்று அதில் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஊர் சுற்றப் போகிறவருக்கும் பள்ளி விளையாட்டு விழா எடுக்கிறவருக்கும் அது சரி. எங்கள் பக்கத்தில், வீட்டுக்குள் நடக்கும் விசேஷத்தை எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்து, பிலிம் ரோல் காலத்திலிருந்து கல்யாணமும், அறுபது எண்பது சாந்தியும், பிள்ளைகளுக்குச் செய்யும் புதுமையும் எடுத்து வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடு வெயிலை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியது. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் தெரியும். சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம். அதை ஒட்டி அறைகள். உச்சிப்பொழுதில் முற்றத்தைப் பார்த்தால் கண் கூசும். இரண்டு தூண் தள்ளி, அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் முகத்தில் அந்த வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டாங்கட்டுக்குப் போனால் இன்னும் குறையும். சாமி அறையில் குத்துவிளக்கு ஒன்றுதான். நம் கண் உடனே பழகிக்கொள்வதால் வீட்டுக்காரர்களுக்கு அது இருட்டாகவே தெரிவதில்லை. "நல்லாத்தானே வெளிச்சம் இருக்கு தம்பி, எடுங்க" என்பார்கள். கேமராவுக்கு அப்படிப் பழகிக்கொள்ளத் தெரியாது.

கேமராப் பெட்டியோடு வருவது பெரும்பாலும் 18-55 ஜூம்; கிட் லென்ஸ் என்பார்கள். 18 எம்.எம்.-ல் அகலமாகக் காட்டும், 55-ல் கிட்டே இழுக்கும். அதன் வளையத்தில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதன் கணக்கு அது; எஃப் எண் என்பார்கள். எண் சிறுக்கச் சிறுக்கத் திறப்பு பெருகும். 18-ல் 3.5 வரை திறக்கிற அதே லென்ஸ், முகத்தைக் கிட்டே கொண்டுவர 55-க்குத் திருப்பினால் 5.6-க்குச் சுருங்கிவிடும். ஜூம் ஆகாத, ஒரே எம்.எம். உள்ள லென்ஸைப் பிரைம் என்பார்கள். விலை குறைந்த பிரைம் லென்ஸ்கூட 1.8 வரை திறக்கும். எண்ணைப் பார்த்தால் மூன்று மடங்குதான் வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே விழும் வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 5.6-ஐவிட 1.8-ல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. வளவின் உள்பக்கத்தில், பொழுது சாய்ந்த பிறகு, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200 வைத்து எஃப் 1.8-ல் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அறுபதில் ஒரு நொடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் கிட் லென்ஸை 55-ல் வைத்தால் ஆறில் ஒரு நொடிதான் கிடைக்கும். அதற்குள் தலை திரும்பிவிடும், கை நகர்ந்துவிடும், சிரிப்பு வந்து போய்விடும். ஷட்டர் நேரத்தை விட்டுக்கொடுக்காமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் முப்பதாயிரத்துக்குப் போக வேண்டும். பட்டுப்புடவையின் கரையெல்லாம் மணல் அள்ளித் தூவியதுபோல் ஆகிவிடும்.

பிளாஷ் இருக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற ஊர்க் கல்யாண மண்டபத்தில் பிளாஷை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் அடித்து, வெளிச்சத்தை மெதுவாக இறக்கலாம். எங்கள் வீடுகளில் கூரை உயரம். அதுவும் பர்மாத் தேக்கு. மேலே போன வெளிச்சத்தில் பாதியை மரம் குடித்துவிடும், மிச்சம் செம்பழுப்பாகக் கீழே வரும். நேராக அடித்தாலோ, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர் வெள்ளைத் திட்டாகத் திருப்பி அடிக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இன்னொரு திட்டு. மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியில் போட்டோகிராபரே தெரிவார். இவ்வளவுக்கும் நடுவே ஆச்சியின் வைரத்தோடு மட்டும் ஒரு புள்ளியாக எரியும். முகம் மாவு பூசியதாக இருக்கும்.

பிள்ளையார் நோன்பை எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள், மார்கழியில், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் நகரத்தார் வீடுகளில் இழை எடுப்பார்கள். புதுக்கோடித் துணியிலிருந்து உருவிய 21 நூலைத் திரித்துத் திரியாக்கி, நெய் விட்டுப் பிசைந்த வெல்ல மாவில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் அதைச் சுடரோடு எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவர் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். பெரியவரின் இரண்டு விரலுக்கிடையே அந்த மாவு உருண்டை இருக்கும்போது, அவருடைய நகக்கண்ணும் விரல் ரேகையும் மஞ்சளாகத் தெரியும். எதிரே நிற்கும் பேரப்பிள்ளையின் முகத்தில் முதலில் வெளிச்சமே இருக்காது. கை நெருங்க நெருங்க மோவாய், மேலுதடு, மூக்கு நுனி என்று ஏறி, கண்ணில் சுடர் தெரியும். வாய் மூடியதும் எல்லாம் போய்விடும். எடுக்க வேண்டிய படம் அந்த ஒரு நொடிதான். பிளாஷ் அடித்தால் சுடரே தெரியாது. பிள்ளை ஏதோ பலகாரம் தின்கிற மாதிரி விழும். கிட் லென்ஸில் பிளாஷ் இல்லாமல் எடுத்தால் கை ஒரு மஞ்சள் கோடாக இழுபடும். 35 எம்.எம். பிரைமை எஃப் 2-ல் வைத்து, கிட்டத்துக் கண்ணில் ஃபோகஸ் பிடித்து, சுடரை அல்லாமல் முகத்தை அளந்து எடுத்தால் சுடரும் இருக்கும், கண்ணும் இருக்கும், பின்னால் நடுவீட்டுக் கோலமும் மங்கலாக இருக்கும்.

ஆகவே முதல் பிரைமாக எதை வாங்குவது? கடைக்குப் போனால் 50 எம்.எம். எஃப் 1.8-ஐத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள். அருமையான லென்ஸ், விலையும் குறைவு. கேனான் 2015-ல் கொண்டுவந்த 50 எம்.எம். எஸ்.டி.எம். வெறும் 160 கிராம்தான். ஆனால் புதிதாக வாங்குகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் சின்ன சென்சார் கேமரா; பிலிமுக்குப் பதிலாகப் படம் விழும் சில்லுதான் சென்சார். அதில் 50 என்பது, பிலிம் கேமராக் கணக்கில், நிக்கானில் 75 போலவும், கேனானில் 80 போலவும் வேலை செய்யும். ஒருவரை மட்டும் மார்பளவில் எடுக்க நன்றாக இருக்கும். அறைக்குள் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் முதுகு சுவரில் முட்டும். பின்னால் போக இடமிருக்காது. அந்தக் கேமராவில் 35 எம்.எம். கிட்டத்தட்ட பழைய பிலிம் கேமராவில் 50 தந்த பார்வையைத் தரும். நிக்கான் இந்தச் சின்ன சென்சாருக்கென்றே 2009-லேயே 35 எம்.எம். எஃப் 1.8 ஒன்றைக் கொண்டுவந்தது. செகண்ட் ஹேண்டில் இன்றும் கிடைக்கிறது. வீட்டு விசேஷம்தான் நோக்கம் என்றால், என் பேச்சைக் கேட்டு 35-ஐ முதலில் வாங்குங்கள். பிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர்கள் 50-ஐயே வாங்கலாம்.

எண் 1.8 என்பதற்காக எப்போதும் 1.8-லேயே எடுக்க வேண்டும் என்றில்லை. சின்ன சென்சாரில் 50 எம்.எம். போட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 1.8-ல் எடுத்தால், தெளிவாக விழுவது ஆறேழு சென்டிமீட்டர் ஆழம்தான். முன்னால் இருக்கிற கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்பின்னாக உட்கார்ந்திருந்தால் ஒருவர்தான் படத்தில் இருப்பார். அப்போது 2.8-க்கு இறக்கிக்கொள்ள வேண்டும். சுடர் வரும்போது மறுபடி திறந்துகொள்ள வேண்டும்.

ஜூமைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாலி கட்டும் திருப்பூட்டு நேரத்தில் மணமக்களைச் சுற்றி அத்தைமாரும் நாத்தனார்மாரும் நெருங்கி நின்றுவிடுவார்கள். ஓர் அடி முன்னே வைக்க முடியாது, பின்னே வைக்கவும் முடியாது. நகரத்தார் தாலியான கழுத்துருவைக் கிட்டத்தில் எடுக்கவும், அடுத்த கணமே கூட்டத்தோடு சேர்த்து எடுக்கவும் 24-70 எஃப் 2.8 ஜூம் இல்லாமல் நான் போவதில்லை. 1.8-ஐவிட அதில் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைவு என்றாலும், அந்த நேரத்தில் வீடியோக்காரர்களின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், சமாளித்துவிடலாம். அது தொழில் செய்கிறவர்களுக்கான சாமான். கேனான் 24-70-ன் இரண்டாவது மாடல் 800 கிராமுக்கு மேல். சின்ன சென்சார் கேமராவுக்கு எஃப் 1.8-லேயே திறக்கும் 18-35 ஜூமை சிக்மா 2013-ல் கொண்டுவந்தது. அதுவும் ஏறக்குறைய அதே கனம்தான். வீட்டுப் பிள்ளைகள் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். தேவைப்படும் நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி ஜூமில் இருக்கிறது, அது போதும் என்று விற்கிறார்கள். அது நம் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். எதிரே இருக்கிறவர் ஆடினால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆளில்லாத வீட்டை எடுக்கப் பிரைமே வேண்டியதில்லை. டிரைபாடில் பெட்டியோடு வந்த 18-55-ஐ வைத்து, எஃப் 8-ல் இரண்டு நொடியோ நாலு நொடியோ விட்டால் தூணும் தரையும் கதவுச் சிற்பமும் அழகாக விழும். தூண் அசையப் போவதில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் வீடுகளைப் பிரித்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால் யாரோ ஒருவர் வீட்டு நிலைக்கதவும் தூணும் பெட்டகமும் விலைக்கு நிற்பதைப் பார்க்கலாம். பங்காளிகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். படையலுக்கோ நோன்புக்கோ வருஷத்தில் ஒருநாள் கூடும்போதுதான் அந்த வளவில் ஆள் நடமாட்டம். அன்றைக்கு எடுக்கிற படத்தில் பெரியவர்கள் தங்கள் வீட்டு வெளிச்சத்தில் எப்படி இருந்தார்களோ அப்படித் தெரிய வேண்டும். வெறும் வீட்டை எடுக்க யார் வேண்டுமானாலும் வரலாம். அதற்குள் புழங்குகிறவர்களை எடுக்க அந்த வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும்.

வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நோன்பு அன்று இழை கொடுக்கும் நேரம் மட்டும் டியூப் லைட்டையும் வீடியோ எல்.இ.டி.யையும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். குத்துவிளக்கில் இன்னும் இரண்டு முகம் கூட ஏற்றச் சொல்லுங்கள்; அந்த இரண்டு திரி போட்டோகிராபருக்குப் பெரிய உதவி. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டார்ச் லைட்டைப் பின்பக்கம் பிடித்து, கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் மர பீரோவுக்குள் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

மார்கழியில் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, பிளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் எடுத்த படங்களை வாசகர்களிடமிருந்து கேட்டு வாங்கி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த லென்ஸ், என்ன எஃப் எண், எவ்வளவு ஐ.எஸ்.ஓ. என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் வாசகர்,
காரைக்குடி.